மலையில் இரண்டு நாள்

அந்தப் பட்டியல் மூன்று மாதங்களாகக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருந்தது. பயிற்சிப் புத்தகத்திலிருந்து கவனமாகக் கிழித்தெடுத்த தாள் அது. ‘கேமரன் மலையில் செய்ய வேண்டியவை’ என்று தலைப்பிட்டு, அதன்கீழ் ஏழு வரிகளைத் தம்பி தன் கைப்பட எழுதியிருந்தான்.

1. ஸ்ட்ராபெரி பறிப்பது.
2. பாசிக்காட்டில் நடப்பது.
3. பிரிஞ்சாங் மலை உச்சிக்குப் போவது.
4. தேனீப் பண்ணையைப் பார்ப்பது.
5. இரவுச் சந்தையில் சூடான சோளம் சாப்பிடுவது.
6. நெருப்பு மூட்டிக் கோழி வாட்டுவது.
7. பாட்டி பிறந்த தோட்டத்தைப் பார்ப்பது.

தம்பிக்கு ஒன்பது வயது. கிள்ளானில் ஒரு தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறான். பள்ளியில் அவனுக்கு வேறு பெயர் உண்டு. வீட்டில் எல்லாருக்கும் அவன் தம்பிதான். ஐந்து வயதுத் தங்கை, பாப்பா. பட்டியலின் முதல் ஆறு வரிகளும் அவன் ஆசைப்பட்டு எழுதியவை. “பாட்டிக்கும் ஏதாவது எழுதுப்பா” என்று அம்மா சொன்னதால் ஏழாவது வரியைக் கடைசியில் சேர்த்தான்.

தலைப்புக்குப் பக்கத்தில் ஒரு தேதி இருந்தது. அது இரண்டு முறை மாறிய தேதி. அப்பாவுக்குத் துறைமுகத்தில் ஷிப்ட் வேலை. முதல் முறை, உடன் வேலை செய்பவர் நோயுற்றதால் அவருடைய ஷிப்டையும் அப்பாவே பார்க்க வேண்டியதாயிற்று. இரண்டாம் முறை அப்பாவுக்கே காய்ச்சல் வந்துவிட்டது. தம்பி அழவும் இல்லை, அடம்பிடிக்கவும் இல்லை. பழைய தேதியை அழிப்பானால் தேய்த்துவிட்டுப் புதிய தேதியை எழுதினான். தேய்த்துத் தேய்த்து அந்த இடத்தில் தாள் மெலிந்துபோயிருந்தது.

மூன்றாவது தேதி நிலைத்தது. அம்மா இணையத்தில் தேடி ஒரு மரவீட்டைக் கண்டுபிடித்தார். இரண்டு அறைகள், முற்றத்தில் கரி அடுப்பு, எதிரே பள்ளத்தாக்கு. படத்தில் மிக அழகாக இருந்தது. ஓர் இரவுக்கு அவர்கள் கேட்ட வாடகை அந்தக் குடும்பத்துக்குச் சற்று அதிகம். அப்பா மூன்று இரவுகள் கூடுதல் நேரம் வேலை செய்து அந்தப் பணத்தைச் சேர்த்தார்.

சனிக்கிழமை விடியற்காலை ஆறு மணிக்கு மகிழுந்து புறப்பட்டது. நெடுஞ்சாலையில் தாப்பா வரை எல்லாம் நல்லபடியாக நடந்தது. அப்பா உற்சாகமாகப் பாடிக்கொண்டு வந்தார். “பதினோரு மணிக்குள்ள வீட்டுக்குப் போயிடலாம். மத்தியானமே ஸ்ட்ராபெரி பறிக்கலாம்,” என்றார்.

தாப்பாவிலிருந்து மலை மேலே ஏறும் சாலை பழைய சாலை. தானா ராத்தாவுக்கு ஏறக்குறைய 60 கிலோமீட்டர். அந்தத் தூரத்தில் நேராக ஓடும் இடங்கள் மிகக் குறைவு. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் காடு, நடுவில் வளைவுக்குப் பின் வளைவு. பாப்பா கைப்பேசியில் படம் பார்த்துக்கொண்டு வந்தாள். சிறிது நேரத்தில் அவள் முகம் வெளுத்தது. “அம்மா, வயித்துக்குள்ள என்னமோ சுத்துது,” என்றாள். அம்மா பையைத் தேடி எடுப்பதற்குள், இருக்கையில் மடித்து வைத்திருந்த அப்பாவின் குளிர்ச்சட்டை மேலேயே வாந்தி எடுத்துவிட்டாள்.

லாத்தா இஸ்கந்தர் அருவிக்கு அருகில் வண்டியை நிறுத்தினார்கள். சாலையோரத்தில் பெத்தாய்க் கட்டுகளும் காட்டுத் தேனும் விற்கும் சிறுகடைகள் இருந்தன. அவற்றைப் பார்க்க யாருக்கும் நேரமில்லை. அம்மா பாப்பாவுக்கு உடை மாற்றினார். அப்பா மூக்கைப் பிடித்துக்கொண்டு இருக்கையைத் துடைத்தார்.

“ஏம்மா மலையில ஏறினா வாந்தி வருது?” என்று தம்பி கேட்டான்.

“அவ கண்ணு கைப்பேசியையே பார்த்துக்கிட்டிருந்துச்சு. எதுவும் அசையலன்னு கண்ணு சொல்லும். உடம்பு ஆடுதுன்னு காதுக்குள்ள இருக்கிற உறுப்பு சொல்லும். எதை நம்புறதுன்னு தெரியாம மூளை குழம்பிப்போகும். அப்பத்தான் குமட்டும். ஜன்னல் வழியா தூரத்துல இருக்கிறதைப் பார்த்துக்கிட்டு வந்தா ஓரளவுக்குக் குறையும்,” என்றார் அம்மா.

பாட்டி எதுவும் விளக்கவில்லை. தம் கைப்பையிலிருந்து ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்து, நகத்தால் தோலைக் கீறிப் பாப்பாவின் கையில் கொடுத்தார். “முகர்ந்துக்கிட்டே வாம்மா,” என்றார். பாட்டி கொண்டு வந்தது அந்த ஒரு பழம்தான்.

எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு மீண்டும் புறப்பட ஒரு மணி நேரமாயிற்று.

ரிங்லெட்டைத் தாண்டியதும் ஏரி ஒன்று தெரிந்தது. “சுல்தான் அபு பாக்கார் அணை கட்டினதால உண்டான ஏரி இது. இந்தத் தண்ணியிலதான் மின்சாரம் எடுக்கிறாங்க,” என்று அப்பா காட்டினார். ஏரியைக் கடந்த பிறகு காற்றில் குளிர் ஏறியது. சாலையின் ஓரத்தில் தேயிலைச் சரிவுகள் தொடங்கின. பச்சைக் கம்பளத்தைக் கத்தரித்து விரித்தாற்போல் மலை முழுவதும் செடிகள்.

பாட்டி ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். “இங்கதான் எங்கேயோ…” என்றார்.

“நாளைக்குத் திரும்பும்போது நிறுத்தலாம்மா. இப்ப நேரமில்ல,” என்றார் அப்பா.

“சரிப்பா,” என்று சொல்லிவிட்டுப் பாட்டி பார்த்துக்கொண்டே வந்தார்.

நில அளவையாளர் வில்லியம் கேமரன் 1885ஆம் ஆண்டு இந்த மலைப்பகுதிக்கு வந்தார். அவருடைய பெயரையே இந்த மலை தாங்கி நிற்கிறது. 1929ஆம் ஆண்டு இங்குத் தேயிலைத் தோட்டம் தொடங்கப்பட்டது. காட்டை அழித்துச் செடி நட்டவர்களிலும், கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு கொழுந்து பறித்தவர்களிலும் தமிழ்நாட்டிலிருந்து வந்த குடும்பங்கள் பல. அத்தகைய ஒரு குடும்பத்தில்தான் பாட்டி பிறந்தார். திருமணமாகிக் கிள்ளானுக்கு வரும் வரையில் அவருக்குத் தெரிந்த உலகம் இந்த மலை மட்டுமே.

தானா ராத்தாவைத் தாண்டியதும் போக்குவரத்து நெரிசல். வார இறுதியில் மலைக்கு வரும் வண்டிகளெல்லாம் ஒரே சாலையில் நின்றன. பிரிஞ்சாங்கை அடைவதற்குள் ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆகிவிட்டது. அப்பாவின் பாட்டு எப்போதோ நின்றுவிட்டிருந்தது.

மரவீடு காய்கறித் தோட்டங்களுக்கு நடுவில் இருந்தது. படத்தில் பார்த்த பள்ளத்தாக்கும் இருந்தது. ஆனால் படம் எடுத்தவர் எங்கே நின்று எடுத்தார் என்பது நேரில் பார்த்தபோதுதான் புரிந்தது. இரண்டு பக்கமும் தோட்டங்களின் நெகிழிக் கூரைகள் மறைத்துக்கொண்டிருக்க, நடுவில் ஒரு கைக்குட்டை அளவுக்குப் பள்ளத்தாக்கு தெரிந்தது. குளியலறையில் சுடுநீர் வரவில்லை. வீட்டைப் பார்த்துக்கொள்ளும் முதியவர் தலையைச் சொறிந்தபடி, “முதலாளிகிட்ட சொல்றேன்,” என்று மலாயில் சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போன சிறிது நேரத்தில் மழை தொடங்கியது.

முதலில் தூறல்தான். “அரை மணி நேரத்துல விட்டுடும்,” என்றார் அப்பா. விடவில்லை. நான்கரை மணிக்கு மழையிலேயே வண்டியை எடுத்துக்கொண்டு ஸ்ட்ராபெரித் தோட்டத்துக்குப் போனார்கள். பறிக்கக்கூடிய பழங்களையெல்லாம் காலையில் வந்தவர்களே பறித்துவிட்டார்கள் என்று அங்கிருந்த பெண் சொன்னாள். அப்பா ஒரு பெட்டி பழம் வாங்கினார். பாப்பா ஒன்றைக் கடித்துவிட்டு, “புளிக்குது!” என்று அழுதாள்.

“ஒன்னாம் நம்பர் முடிஞ்சது, குறிச்சுக்கோ தம்பி,” என்றார் அப்பா.

“வாங்குறது பறிக்கிறது ஆகாதுப்பா,” என்றான் தம்பி. அவன் குறும்பாகச் சொல்லவில்லை. பட்டியலில் ‘பறிப்பது’ என்றுதான் எழுதியிருந்தது. அப்பாவுக்கு அது குத்திக்காட்டுவதுபோல் இருந்தது.

பிரிஞ்சாங் மலையின் உயரம் 2,000 மீட்டருக்கும் அதிகம். மேகம் வந்து மரங்களின்மேல் தங்குவதால் அங்கே அடிமரமெல்லாம் எப்போதும் ஈரமாயிருந்து பாசி படர்கிறது. அந்தப் பாசிக்காட்டைப் பார்க்கத்தான் தம்பி அதிகம் ஆசைப்பட்டான். மலை ஏற்றிச் செல்லும் வண்டிக்காரரிடம் அப்பா விசாரித்தார். “மூடுபனியில முன்னால போற வண்டியே தெரியாது. குழந்தைங்களை வச்சுக்கிட்டு வேண்டாம்,” என்று அவர் மறுத்துவிட்டார். இரண்டாவது வரியும் மூன்றாவது வரியும் அத்துடன் போயின. தேனீப் பண்ணை மூடும் நேரம் கடந்துவிட்டது. கொட்டும் மழையில் இரவுச் சந்தைக்கு யார் போவது?

மீதமிருந்தது கோழி.

முற்றத்தில் கூரைக்கு அடியில் அப்பா கரி அடுப்பைப் பற்றவைத்தார். கரி ஈரம் ஏறியிருந்தது. ஒரு நாளிதழ் முழுவதும் எரிந்து தீர்ந்தும் புகைதான் வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு விசிறினார். ஒருவழியாக நெருப்புப் பிடித்தபோது அளவுக்கு மீறிப் பிடித்துவிட்டது. கோழியின் வெளிப்புறம் கரியாகிவிட்டது. உள்ளே இறைச்சி சிவப்பாகவே இருந்தது. அந்த நேரம் பார்த்து மின்சாரமும் போனது.

“அப்பா, அணைக்கட்டு பக்கத்துலதானே இருக்கு? அப்புறம் ஏன் மின்சாரம் இல்ல?” என்று இருட்டில் தம்பி கேட்டான். அவன் சிரிக்க வைப்பதற்காகத்தான் கேட்டான். யாரும் சிரிக்கவில்லை.

அம்மா கைப்பேசி வெளிச்சத்தில் சமையலறையில் மெழுகுவர்த்தி தேடினார். பின்னாலேயே வந்த அப்பா, தட்டை மேசைமேல் வைத்தார். “இவன் ஆசைப்பட்டானேன்னு வந்தேன். மூணு ராத்திரி கண்ணு முழிச்சு வேலை செஞ்ச காசு. இதுக்குப் பேசாம வீட்டுல படுத்துத் தூங்கியிருக்கலாம்.”

“மெதுவாப் பேசுங்க,” என்றார் அம்மா.

அப்பா சத்தமாகப் பேசவில்லைதான். ஆனால் மரவீட்டில் சுவர் மெல்லியது.

அம்மா அடுப்பில் மீ சமைத்தார். வேகாத கோழியைக் கருகலை நீக்கிவிட்டுச் சிறு துண்டுகளாக்கி அதனுடன் சேர்த்து நன்றாகக் கொதிக்கவிட்டார். பாப்பா இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு அம்மாவின் மடியிலேயே தூங்கிப்போனாள். தம்பி சாப்பிட வரவில்லை. “பசிக்கல. தூக்கம் வருது,” என்று அறையிலிருந்தே சொன்னான்.

அப்பா முற்றத்தில் உட்கார்ந்து அடுப்பில் மிஞ்சிய கனலைப் பார்த்துக்கொண்டிருந்தார். மழை சற்றுத் தணிந்திருந்தது. போர்வையைச் சுற்றிக்கொண்டு பாட்டி வந்து அருகில் அமர்ந்தார். அவர் கையில் ஒரு கசங்கிய தாள் இருந்தது. அதை முழங்காலின்மேல் வைத்து மெல்ல நீவி நிமிர்த்தினார். பட்டியல்தான்.

“கரி மூட்டைக்குப் பக்கத்துல கிடந்துச்சு. அடுப்புல போடத்தான் கொண்டு வந்திருப்பான்போல. நீ இங்கேயே உட்கார்ந்திருந்ததால போட்டுட்டுப் போயிட்டான்,” என்றார்.

அப்பா எதுவும் சொல்லவில்லை.

“எனக்கு எட்டு வயசு இருக்கும்,” என்று பாட்டி தொடங்கினார். “இந்த மலையிலதான், லயத்துல இருந்தோம். மத்தியானம் எங்க அப்பாவுக்குத் தூக்குச்சட்டியில கஞ்சி கொண்டு போவேன். ஒரு நாள் நல்ல மழை. சரிவுல வழுக்கி விழுந்துட்டேன். முட்டியில ரத்தம். கஞ்சி மொத்தமும் மண்ணுல கொட்டிப்போச்சு. அப்பா வந்து பார்த்தாரு. ‘உன்னைப் போயி அனுப்பினாங்களே’ன்னு ஒரு வார்த்தை. அடிக்கல, திட்டல. திரும்பி வேலைக்குப் போயிட்டாரு.”

“பசியில சொல்லியிருப்பாரும்மா.”

“பசிதான். காலையிலேருந்து மழையில நின்ன மனுசன். அது எனக்கும் தெரியும். ஆனா கடைசி வரைக்கும் அவரு அந்த வார்த்தையைத் திருப்பி எடுத்துக்கல. நான் கல்யாணம் கட்டிப் போனேன். அவரும் போய்ச் சேர்ந்துட்டாரு. அன்னைக்கு மழை எவ்வளவு நேரம் பெஞ்சுச்சு, ராத்திரி என்ன சாப்பிட்டோம், ஒன்னும் ஞாபகமில்ல. அந்த வார்த்தை மட்டும் அப்படியே இருக்கு.”

பாட்டி தாளை அப்பாவின் கையில் கொடுத்தார். “குளிருது. நான் போய்ப் படுக்கிறேன்,” என்று எழுந்து போய்விட்டார்.

நெல்லைக் கொட்டினால் அள்ளலாம்; சொல்லைக் கொட்டினால் அள்ள முடியாது. இந்தப் பழமொழியை அப்பா பள்ளியில் படித்தவர்தான். தேர்வில் பொருள் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருப்பார். இப்போது தாளைக் கனல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தேதி எழுதிய இடத்தில் தாள் மெலிந்து, அந்தப் பக்கத்து வெளிச்சம் இந்தப் பக்கம் தெரிந்தது. இரண்டு முறை ஏமாந்தும் ஒரு வார்த்தை பேசாமல் தேதியை மாற்றி எழுதியவன் அவன். ஒரே ஒரு நாள் கெட்டதற்கு என்ன பேச்சுப் பேசிவிட்டோம் என்று அவருக்குத் தோன்றியது.

மூன்று இரவுகள் உழைத்த பணத்துக்கு அவர் வாங்கியது ஒரு மரவீட்டின் வாடகையை மட்டும்தான். மழை இல்லாத நாளையும், வாந்தி எடுக்காத குழந்தையையும், நெரிசல் இல்லாத சாலையையும் சேர்த்து வாங்கிவிட்டதாக அவர் எண்ணியிருந்தார். அவை கிடைக்காதபோது, யாரோ தம்மை ஏமாற்றிவிட்டதுபோல் கோபம் வந்தது. கோபத்தைக் காட்ட மழை அகப்படவில்லை, மகன் அகப்பட்டான்.

அப்பா மெழுகுவர்த்தியை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனார். தம்பி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். அப்பா உட்கார்ந்ததும் பழைய கட்டில் கிரீச்சிட்டது.

“தம்பி, தூங்கிட்டியா?”

“தூங்கிட்டேன்.”

அப்பாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார். “அப்பா சமையலறையில பேசினது உனக்குக் கேட்டுச்சா?”

பதில் வரவில்லை. சிறிது நேரம் கழித்து, சுவரைப் பார்த்தபடியே தம்பி கேட்டான்: “நான் ஆசைப்படாம இருந்திருந்தா காசு மிச்சமாயிருக்கும்ல?”

அப்பா இந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. என்ன சொல்வது என்று தெரியாமல் மெழுகுவர்த்தியை ஒரு கையிலிருந்து மற்றொரு கைக்கு மாற்றினார். உருகிய மெழுகு ஒரு சொட்டு அவர் விரலில் விழுந்தது.

“ஸ்… சுடுது. இங்க பாரு, உனக்காக மட்டும் வரல. எனக்கும் ஆசைதான். எனக்குத்தான் ரொம்ப ஆசை. மழை வந்தது யாருடைய தப்பும் இல்ல. கோழி கருகினது என் தப்பு. அப்படிப் பேசினது அதைவிடப் பெரிய தப்பு. மன்னிச்சிருப்பா.”

அந்தச் சொல்லை அவர் தம் பிள்ளைகளிடம் இதற்குமுன் சொன்னதில்லை. அவருடைய அப்பாவும் அவரிடம் சொன்னதில்லை. வாயிலிருந்து வெளிவந்தபோது அது அவருக்கே புதிதாக ஒலித்தது.

தம்பி ஓடிவந்து கட்டிக்கொள்ளவில்லை. சுவர்ப்பக்கமிருந்து மெல்லத் திரும்பினான். கண்கள் சிவந்திருந்தன.

“அந்தக் கோழி இருக்கா?” என்று கேட்டான்.

“அம்மா மீயில போட்டுட்டாங்க.”

“எனக்குப் பசிக்குது.”

இரவு பத்து மணிக்கு அப்பா மீயைச் சூடாக்கினார். மேசைமேல் மெழுகுவர்த்தி எரிந்தது. கூரையிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. சத்தம் கேட்டு எழுந்துவந்த பாப்பா, “எனக்கும்,” என்று அண்ணனின் நாற்காலியிலேயே இடம் பிடித்து உட்கார்ந்தாள். மீ அளவுக்கு மீறி ஊறிப்போயிருந்தது. கோழியில் கருகல் வாசனை போகவில்லை. ஆயினும் பாத்திரம் காலியாயிற்று.

அப்பா பட்டியலை எடுத்து மேசைமேல் வைத்தார். “நாளைக்கு மத்தியானத்துக்குள்ள கிளம்பணும். ராத்திரி எனக்கு வேலை இருக்கு. ஏதாவது ஒன்னுதான் முடியும். நீயே சொல்லு. எது வேணும்?”

தம்பி வெகுநேரம் யோசித்தான். விரல் முதல் வரியில் நின்றது. இரண்டாம் வரியில் சற்று அதிக நேரம் நின்றது. பிறகு கீழே இறங்கியது.

“ஏழு,” என்றான்.

“நிச்சயமாவா?”

“பாட்டி பேசினதும் எனக்குக் கேட்டுச்சுப்பா.”

மறுநாள் காலையிலும் மின்சாரம் வரவில்லை. குளிர்ந்த நீரில் முகம் கழுவிய பாப்பாவின் அலறல் அக்கம் பக்கத்துத் தோட்டங்கள்வரை கேட்டிருக்கும். ஒன்பது மணிக்குப் புறப்பட்டார்கள். மழை நின்றிருந்தது. நெகிழிக் கூரைகளுக்கு இடையில் தெரிந்த பள்ளத்தாக்கில் மூடுபனி நிறைந்து நின்றது. தம்பி அதைச் சற்று நேரம் பார்த்துவிட்டு வண்டியில் ஏறினான்.

பாட்டி பிறந்த இடத்தைக் கண்டுபிடிப்பது எளிதாக இல்லை. ஒரு சிறு கோயில், அதற்குப் பக்கத்தில் ஓர் இரும்புப் பாலம், பாலத்தைத் தாண்டினால் லயம். பாட்டி நினைவில் வைத்திருந்த அடையாளங்கள் இவ்வளவுதான். தானா ராத்தாவிலிருந்து ரிங்லெட்டை நோக்கி இறங்கும்போது அப்பா மூன்று இடங்களில் வண்டியை நிறுத்தினார். ஓர் இடத்தில் பாலம் இருந்தது, கோயில் இல்லை. மற்றோர் இடத்தில் கோயில் இருந்தது; அது பாட்டிக்குத் தெரியாத புதிய கோயில். மூன்றாவது இடத்தில் உள்ளே செல்லும் பாதையின் கதவு பூட்டியிருந்தது.

அந்தக் கதவுக்குப் பக்கத்தில், தேயிலைச் சரிவு நன்றாகத் தெரியும் இடத்தில் எல்லாரும் இறங்கி நின்றார்கள். தூரத்தில் இருவர் இயந்திரத்தைப் பிடித்தபடி செடிகளின் மேற்பரப்பைக் கத்தரித்துக்கொண்டு நகர்ந்தார்கள்.

“அப்பவெல்லாம் கையிலதான் பறிப்போம். இங்க பாரு,” என்று பாட்டி குனிந்தார். வேலிக்கு வெளியே நீண்டிருந்த ஒரு கிளையைத் தொட்டார். “ரெண்டு இலை, நடுவுல ஒரு மொட்டு. இதுதான் கொழுந்து. முத்தின இலையைப் பறிச்சா கங்காணி திட்டுவாரு.”

“பறிச்சுக் காட்டுங்க பாட்டி,” என்றாள் பாப்பா.

“நம்ம செடி இல்லம்மா. பறிக்கக்கூடாது.” பாட்டியின் விரல்கள் மட்டும் கொழுந்தை ஒருமுறை வருடிவிட்டு விலகின.

“நீங்க விழுந்த இடம் எது பாட்டி?” என்று தம்பி கேட்டான்.

பாட்டி சரிவைப் பார்த்தார். இந்த முனையிலிருந்து அந்த முனைவரை பார்த்தார். “அந்தப் பக்கமாத்தான் இருக்கும்,” என்று கையை நீட்டினார். கை ஏறக்குறைய பாதி மலையைக் காட்டியது. பிறகு புடவையைச் சற்று உயர்த்தி, முழங்காலுக்குக் கீழே இருந்த தழும்பைக் காட்டினார். “இடம் தெரியல. இது மட்டும் இருக்கு.”

தம்பி விரலால் அதைத் தொட்டுப் பார்த்தான். அப்பாவும் பார்த்தார். அந்தத் தழும்பை அவர் சிறுவயதிலிருந்தே பார்த்து வந்திருக்கிறார். அது எப்படி வந்தது என்று ஒருநாளும் கேட்டதில்லை.

அந்த நேரத்தில் பின்னால் ஒரு சத்தம். நீர் தேங்கிய பள்ளத்தில் பாப்பா வழுக்கி உட்கார்ந்திருந்தாள். பயணத்துக்கென்று வாங்கிய வெள்ளைக் காலணி, மாற்றுடையில் எஞ்சியிருந்த கடைசிப் பாவாடை, எல்லாவற்றிலும் சேறு. அவள் அழவில்லை. அப்பாவின் முகத்தைத்தான் பார்த்தாள். தம்பியும் பார்த்தான். அம்மாவும் பார்த்தார்.

அப்பா வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார். பள்ளத்தில் இறங்கிப் பாப்பாவைத் தூக்கி நிறுத்தினார். அவருடைய காலணியும் சேற்றில் புதைந்தது.

“அடி பட்டுச்சா?”

பாப்பா இல்லையென்று தலையாட்டினாள்.

“அப்ப சரி. சேறு கழுவினா போயிடும்,” என்றார் அப்பா.

பாப்பா அப்பாவின் சட்டையைச் சுற்றிக்கொண்டு வண்டியில் ஏறினாள். மலை இறங்கும்போதும் வளைவுகள் குறையவில்லை. எலுமிச்சம்பழம் தீர்ந்துவிட்டதால் அவள் மீண்டும் ஒருமுறை வாந்தி எடுத்தாள். இம்முறை அம்மாவிடம் பை தயாராக இருந்தது.

கிள்ளானை அடைந்தபோது பிற்பகல் ஆகிவிட்டது. அப்பா குளித்துவிட்டுச் சிறிது நேரம் கண்ணயர்ந்தார். தம்பி பட்டியலை மீண்டும் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டினான். கசங்கல் போகவில்லை. கையில் எழுதுகோலுடன் அதன்முன் நின்று, அம்மாவிடம் வாதாடினான்.

“ஆறாம் நம்பருக்குச் சரி போடலாம்மா. நெருப்பு மூட்டினோம். கோழி வாட்டினோம். கருகாம வாட்டணும்னு எழுதலையே.”

“ஏழு?”

தம்பி சற்று யோசித்தான். “இடத்தைக் கண்டுபிடிக்கலையே. அரைச் சரிதான்,” என்று சொல்லி, சரி அடையாளத்தின் ஒரு பாதியை மட்டும் போட்டான். மறுபாதிக்கு இடம் விட்டிருந்தான்.

இரவு வேலைக்குப் புறப்படும்போது தண்ணீர்ப் புட்டியை எடுப்பதற்காக அப்பா குளிர்பதனப் பெட்டியின் அருகில் வந்தார். பட்டியலின் அடியில் புதிதாக இரண்டு வரிகள் எழுதப்பட்டிருந்தன.

8. அடுத்த முறை எலுமிச்சம்பழம் ஐந்து கொண்டு போக வேண்டும்.
9. அப்பா நெருப்பு மூட்டப் பழக வேண்டும்.

அப்பா அவற்றை இரண்டு முறை படித்தார். கதவில் தொங்கிய எழுதுகோலை எடுத்து, ஒன்பதாவது வரிக்குப் பக்கத்தில் ‘சரி’ என்று எழுதிவிட்டு வேலைக்குப் போனார்.